மாத்திரை அட்டையைப் பாதியாக்க இரண்டு ஆண்டுகள்

சென்ற வாரம் புதிய அட்டையில் முதல் விற்பனை பேட்ச் வெளியே போனது. லாரி கேட்டைத் தாண்டியதும் கேன்டீனுக்குப் போய் ஒரு டீ குடித்தேன். அவ்வளவுதான் கொண்டாட்டம். ஆலத்தூர் தொழிற்பேட்டையில் நடுத்தர அளவு மருந்துத் தொழிற்சாலை ஒன்றில், பேக்கேஜிங் மேம்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் இயக்குநரும் ஏதாவது கண்காட்சியிலிருந்து பளபளப்பான மாதிரியுடன் திரும்பி, "நாமும் பசுமைக்கு மாற வேண்டும்" என்று சொல்லியிருந்தால், ஒரு ரோல் ஃபிலிம்கூட வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் நிர்வாகத்துக்குப் பூமியின் மீது திடீரென்று பாசம் வந்துவிடவில்லை. 2022 பிப்ரவரியில் பிளாஸ்டிக் கழிவு விதிகளில் உற்பத்தியாளர் பொறுப்பு கறாராக்கப்பட்டது. சந்தையில் விடும் பிளாஸ்டிக்குக்கு ஈடான கழிவைத் திரட்டிக் கையாண்டதாக முதல் ஆண்டு 25 சதவீதம், அடுத்து 70, 2023-24 முதல் முழு நூறு என்று கணக்குக் காட்ட வேண்டும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்குப் பொருள் மூன்றாம் வகை. அதற்கான சான்றிதழ்களைப் பணம் கொடுத்து வாங்கத் தொடங்கிய பிறகுதான், அட்டை எத்தனை கிராம் என்று நிதிப் பிரிவு முதன்முறையாகக் கேட்டது.

நாங்கள் கையில் எடுத்த மாத்திரை அலு-அலு, அதாவது மேலும் கீழும் அலுமினியம் உள்ள அட்டையில் இருந்தது. 25 மைக்ரான் நைலான், 45 மைக்ரான் அலுமினியம், 60 மைக்ரான் பி.வி.சி. சேர்ந்த அடித்தகடு, மேலே இன்னோர் அலுமினிய ஃபாயில். இதைச் சூடாக்காமல் அழுத்தியே குழி எடுப்பார்கள். கிழியாமல் இருக்கக் குழியை அகலமாக, சரிவாக வைத்தாக வேண்டும். அதனால் 8 மில்லிமீட்டர் மாத்திரைக்கு ஒரு குட்டித் தாம்பாளம். பத்து மாத்திரைக்கு 128க்கு 62 மில்லிமீட்டர் அட்டை. அட்டை பெரிதானால் கார்ட்டன் பெரிது, ஷிப்பர் பெட்டி பெரிது, லாரியில் போவதில் பாதி காற்று.

இயக்குநர் கொண்டுவந்தது பாலிபுரோப்பிலீன் ஃபிலிம். குளோரின் கிடையாது, சாதாரண பி.வி.சி.யைவிட ஈரத்தை நன்றாகத் தடுக்கும். இரண்டும் உண்மைதான். எங்கள் இயந்திரம் பி.வி.சி.க்காகச் செய்யப்பட்டது என்பதும் உண்மை.

சோதனை ஓட்டத்துக்குப் புதுச்சேரியில் தெரிந்தவர்களிடம் ஓர் இயந்திரத்தை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினோம். மூன்று ரோல்களை வேனில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிப் போய் இறங்கினால், ரோலின் நடுத்துளை 152 மில்லிமீட்டர், அங்கிருந்த தண்டு 76. பொருத்தவே முடியவில்லை. இயந்திரத்தை ஓட்டும் அண்ணன் ரோலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மேடம், ஒரு போன் போட்டிருந்தால் நானே அளந்து சொல்லியிருப்பேனே" என்றார். என்ன பதில் சொல்வது? மதியம் அவர்கள் வாங்கிக் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அதே ரோல்களுடன் திரும்பி வந்தோம். நடுத்துளை, ரோல் அகலம், ரோலின் வெளிவிட்டம் இந்த மூன்றையும் ஆர்டரிலேயே எழுதுங்கள். ஃபிலிம் விற்பவர் தானாகக் கேட்க மாட்டார்.

இரண்டாம் பயணத்தில் குழி விழுந்தது, ஆனால் மேல் ஃபாயில் ஒட்டவில்லை. விரல் நகம் பட்டதும் முழுதாக உரிந்து வந்தது. ஃபாயிலின் அடியில் இருக்கும் லேக்கர் பூச்சு பி.வி.சி.யோடு ஒட்டுவதற்கானது. பாலிபுரோப்பிலீனுக்குத் தனி லேக்கர் வேண்டும். இது பாடப் புத்தகத்தில் இருக்கும் விஷயம், எனக்கும் தெரியும், கிடங்கிலிருந்து எடுத்து அனுப்பியவருக்குத் தெரியவில்லை, ரோலின் சீட்டை நான் சரிபார்க்கவில்லை. மூன்றாம் முறை ஒட்டியது. ஆனால் இந்த ஃபிலிம் குழி விழும் வெப்பநிலையின் எல்லை மிகக் குறுகியது, ஆறும்போது சுருங்கவும் செய்யும். வெளியே வந்த அட்டைகள் எண்ணெயில் போட்ட அப்பளம்போல வளைந்திருந்தன. கார்ட்டனில் நுழைக்கும் இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை நின்றது. சரியான குளிர்விக்கும் தட்டுகள் உள்ள இயந்திரத்தில் இது நன்றாகவே ஓடும். எங்களிடமும் அது இல்லை.

இதற்கிடையே காகிதக் கூத்து ஒன்று. ஃபிலிம் கொடுத்த நிறுவனத்தின் தரச் சான்றிதழில் இருந்த ரகக் குறியீட்டுக்கும் ரோலின் மீதிருந்த குறியீட்டுக்கும் கடைசி எழுத்து வேறு. "இரண்டும் ஒன்றுதான் மேடம்" என்றார்கள். அதையே லெட்டர்ஹெட்டில் எழுதித் தரக் கேட்டதும் ஒரு மாதம் பதிலே இல்லை. எங்கள் தர உறுதிப் பிரிவு அந்த எழுத்துக்காக மூன்று ரோல்களையும் நிறுத்திவைத்தது. அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் செய்தது சரி.

அந்த மாதத்தில் சும்மா இருக்காமல், பழைய அட்டை, புதிய மாதிரி இரண்டையும் திருப்போரூர் பக்கம் ஒரு காயலான் கடைக்கு எடுத்துப் போனேன். "மறுசுழற்சிக்கு ஏற்றது" என்று விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தார்களே, யார் எடுக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றுதான். கடைக்காரர் ஒன்றைப் பிய்த்துப் பார்த்தார். "அலுமினியத்தைத் தனியாக உரித்துக் கொடுங்கள், எடுத்துக்கொள்கிறேன். இதை உட்கார்ந்து யார் உரிப்பது அம்மா?" என்றார். விளம்பரத் தாள் அதோடு மேசையின் அடி அறைக்குப் போனது. மறுசுழற்சி ஆகாத பொருளில் நம்மால் செய்யக்கூடியது, அதன் அளவைக் குறைப்பது.

ஏழு மாதம் இப்படிப் போன பிறகு, வேறு ஏதோ தேடி ஆவண அறைக்குப் போனபோது இந்த மாத்திரையின் ஆரம்பக்கால மேம்பாட்டு அறிக்கை கையில் கிடைத்தது. பி.வி.டி.சி. என்ற ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் பூசிய 250 மைக்ரான் பி.வி.சி. அட்டையிலேயே மாத்திரை நன்றாக இருந்திருக்கிறது. அலு-அலு போட்டதற்கு ஈரம் காரணமே இல்லை. வெள்ளி நிறத்தில் பெரிதாக இருந்தால் மருத்துவருக்கு மதிப்பாகத் தெரியும் என்று விற்பனைப் பிரிவு எழுதிய ஒரு பக்கக் குறிப்புதான் காரணம். அன்று மாலை நான் யாரோடும் பேசவில்லை.

பி.வி.டி.சி.யிலும் குளோரின் உண்டு, அது புனிதமான பொருள் அல்ல. ஆனால் சூடாக்கிக் குழி எடுப்பதால் குழி மாத்திரையை ஒட்டியே அமையும். அட்டை 96க்கு 42. பரப்பு ஏறக்குறையப் பாதி, அடித்தகட்டில் அலுமினியம் அறவே இல்லை. எங்கள் இயந்திரத்திலேயே ஓடும். அச்சு, ஒட்டும் தட்டு, வெட்டும் பஞ்ச் மட்டும் புதிது.

விற்பனைப் பிரிவுத் தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. "சிறிய அட்டை விலை குறைந்த மருந்துபோலத் தெரியும், இதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன வந்துவிடப்போகிறது?" என்றார். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தின் கதையைச் சொன்னேன். கால்நடைக்குக் கொடுத்த அந்த மருந்துதான் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றது என்று தெரிந்து 2006இல் கால்நடைப் பயன்பாட்டைத் தடுத்தார்கள். ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2015இல் மனித ஊசி மருந்தை 3 மில்லிலிட்டர் ஒற்றை டோஸ் குப்பியில் மட்டும் விற்க வேண்டும் என்று அரசு கட்டுப்படுத்தியது. எதிர்த்துப் போன நிறுவனங்களின் வழக்கை 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அங்கே மாற்றியது மருந்தை அல்ல, குப்பியின் அளவை. அவர் மனம் மாறினாரா என்று தெரியவில்லை. இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அச்சு வந்தது, மூன்று பேட்ச் போட்டோம், 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்தோம், தேறியது. நடுவில் ஒரே ஓர் இரவு தூக்கம் போனது. கசிவுச் சோதனையில் நீலச் சாய நீரிலிருந்து எடுத்த அட்டைகளில் இரண்டு குழிக்குள் நீலம். ஒட்டும் தட்டின் ஒரு மூலையில் சூடு குறைவாக இருந்தது காரணம். சாயம் கசிந்த குழிகள் எப்போதும் ஒரே வரிசையில் வந்தால் முதலில் தட்டைச் சந்தேகப்படுங்கள், ஃபாயிலை அல்ல. அட்டை எவ்வளவு பசுமையாக இருந்தாலும், கசிந்து ஒரு பேட்ச் முழுதும் எரிப்புக்குப் போனால் மிச்சப்படுத்திய அலுமினியம் எந்த மூலைக்கு?

எனக்கு நானே மெச்சிக்கொள்ளும் விஷயம் ஒன்று இருக்கிறது. கடைகளில் அட்டையைக் கத்தரித்து நான்கு, ஐந்து மாத்திரையாகக் கொடுப்பார்கள். காலாவதி தேதி மற்ற துண்டோடு போய்விடும். தேதி தெரியாத மாத்திரை குப்பைக்குப் போகும். பேட்ச் எண்ணும் தேதியும் அட்டையின் இரண்டு முனையிலும் வருமாறு அச்சு வடிவத்தை மாற்றினேன். செலவு எதுவும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நேற்று மதுரை விநியோகஸ்தர் ஒருவர் போன் செய்து, பெட்டி சிறிதாகிவிட்டதே, மாத்திரையைக் குறைத்துவிட்டீர்களா என்று கேட்டார். ஒரு அட்டையைப் பிரித்து எண்ணச் சொன்னேன். பத்து இருந்தது. இன்று காலை கிடங்கிலிருந்து வந்த கேள்விக்குத்தான் இன்னும் பதில் எழுதவில்லை: "மேடம், அந்த மூன்று பாலிபுரோப்பிலீன் ரோல்களை என்ன செய்வது?"