மிச்சக் கணக்கில் வராத வடிகால்

“மிச்சம்னு எழுதுறீங்களே, அந்தத் தண்ணி இத்தனை வருஷம் எங்கே போய்ட்டிருந்ததுன்னு எழுத இந்தப் படிவத்துல இடம் இல்லையா?”

கேட்டவர் ஒரு நீர்க்கட்டி, வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவர். கொலராடோ ஆற்று நீரில் விளையும் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் அவர்களைச் சஞ்ஹேரோ என்பார்கள். நான் சொன்ன பதில்: “அது வேற கணக்கு. கடலோட பொறுப்பு மாநில அரசுது.” தலையாட்டிவிட்டு அடுத்த மதகுக்குப் போய்விட்டார். வயல்வாரியாக நீர்ச்சேமிப்பைச் சரிபார்க்கிற வேலையில் இதைவிடக் காரமான கேள்விகள் நிறைய வரும். விவசாயி கத்துவார், வக்கீல் கடிதம் அனுப்புவார். அவையெல்லாம் மறந்துபோகின்றன. சத்தம் போடாமல் கேட்ட இந்தக் கேள்வி மட்டும் போகமாட்டேன் என்கிறது.

பதிலில் பிழை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இம்பீரியலின் தண்ணீரில் ஒரு பகுதியை நகரத்துக்கு மாற்றிக்கொடுக்கும் 2003 ஒப்பந்தத்தின்படி, எங்கள் வடிகால் போய்ச் சேரும் சால்டன் கடலுக்கு நேரும் பாதிப்பைச் சரிசெய்யும் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் கலிபோர்னியா அரசைச் சேரும். எங்கள் வேலை, வயலுக்கு வந்த தண்ணீர் குறைந்ததா, எவ்வளவு, ஏன் என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

அன்று பார்த்த வயல் 80 ஏக்கர் குதிரைமசால், தீவனப் பயிர். தலைமதகில் வினாடிக்கு 10 கன அடி வீதம் 24 மணி நேரம் திறந்தால் ஏறத்தாழ 20 ஏக்கர்-அடி. வயல் முழுக்கப் பரப்பினால் 3 அங்குலம். அதில் 15 விழுக்காடு கடைமடையில் வழிந்தால் 3 ஏக்கர்-அடி வடிகாலில் விழும். ஓர் ஏக்கர்-அடி என்பது ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர், 12.33 லட்சம் லிட்டர். நகரத்தில் இரண்டு மூன்று வீடுகளுக்கு ஓராண்டுக்குப் போதும். ஒரே ஒரு பாய்ச்சலின் வழிவு இது. குதிரைமசாலுக்கு இந்த வெயிலில் ஆண்டுக்கு ஆறடித் தண்ணீர் தேவைப்படும்.

வழிவைத் திருப்பி ஏற்றும் ஏற்பாடு பார்வைக்கு எளிது. வயலின் தாழ்ந்த மூலையில் குட்டை, ஒரு பம்ப், அங்கிருந்து மேல் வாய்க்காலுக்குக் குழாய், குழாயில் மீட்டர். ஆனால் பம்ப் ஓடுவதனாலேயே தண்ணீர் மிச்சமாகிவிடாது. திரும்பி வரும் ஒன்றரை கன அடியைக் கழித்துக்கொண்டு தலைமதகில் எட்டரைதான் கேட்க வேண்டும். பழக்க தோஷத்தில் பத்தே கேட்டால் வயலில் ஓடுவது பதினொன்றரை. வழிவு கூடும், பம்ப் இன்னும் அதிகம் ஏற்றும், மீட்டர் அமோகமான எண்ணைக் காட்டும், ஆற்றில் ஒரு சொட்டும் மிஞ்சாது. அதனால் பம்ப் மீட்டரைத் தனியாக நம்பக் கூடாது. அதே நாளின் மதகுப் பதிவோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். குழாய் முழுக்க நிறையாமல் ஓடினால் விசிறி மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். விசிறியில் தழை சுற்றிக்கொண்டால் குறைவாகக் காட்டும். குட்டையில் வண்டல் ஏறிவிட்டால் பம்ப் விட்டுவிட்டு ஓடும், அப்போது இரண்டு பிழையும் ஒரே நாளில் வரும்.

அந்த வயலில் எண்கள் பொருந்தின. கையெழுத்திட்டேன். இன்றைக்கு அதே தாளைக் கொடுத்தாலும் கையெழுத்திடுவேன்.

ஏனென்றால் கொலராடோ வடிநிலத்தில் இந்த வகைச் சேமிப்பு உண்மையிலேயே சேமிப்பாக இருக்கிற இடங்கள் குறைவு. இம்பீரியல் அவற்றில் ஒன்று. இதே பம்பை ஆற்றின் மேற்பக்கம், பிளைத் ஊரை ஒட்டிய பாலோ வெர்டே பாசனப் பகுதியில் வைத்தால் ஆற்றுக்குக் கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை. அங்கே வடிகால் நீர் ஆற்றுக்கே திரும்பிவிடுகிறது. எடுத்ததில் திரும்பியதைக் கழித்துத்தான் கணக்கு எழுதுகிறார்கள். குறைவாக எடுத்தால் குறைவாகத் திரும்பும், விடை மாறாது. லாஸ் வேகாஸிலும் அப்படித்தான். வீட்டுக்குள் குழாயில் போகும் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு, கொலராடோவின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரிக்குத் திரும்பி அந்த நகரத்தின் கணக்கில் வரவாக ஏறுகிறது. அங்கே குளிக்கும் நேரத்தைக் குறைத்தால் ஏரி உயராது. புல்தரையைப் பெயர்த்தால்தான் உயரும். நெவாடா 2021இல் அலங்காரப் புல்லுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டதால்தான்.

இம்பீரியலின் வடிகாலோ ஆற்றுக்குத் திரும்பாது. நியூ ஆறு, அலமோ ஆறு வழியாகச் சால்டன் கடலுக்குப் போகும். கடல் என்பது பேச்சுக்குத்தான். 1905இல் கால்வாய் வெட்டை உடைத்துக்கொண்டு கொலராடோ உள்ளே புகுந்து, அடைப்பதற்குள் 1907 ஆகிவிட்டது, அப்போது தேங்கியது. கடல் மட்டத்துக்கு 230 அடிக்கும் கீழே கிடக்கிறது, வெளியேறும் வழி கிடையாது. அங்கே போன தண்ணீரை எந்த நகரமும் எந்த வயலும் மறுபடி பயன்படுத்த முடியாது. ஆகவே வடிகாலில் விழுமுன் பிடித்த ஒவ்வொரு ஏக்கர்-அடியும் ஆற்றில் முழு ஏக்கர்-அடியாக மிஞ்சுகிறது. கணக்கு இதைவிடச் சுத்தமாக வேறெங்கும் அமையாது.

அதே காரணத்தால் ஒவ்வொரு ஏக்கர்-அடியும் கடலுக்கு முழு ஏக்கர்-அடி இழப்பு. இது எனக்குத் தெரியாததில்லை, துறையில் யாருக்கும் தெரியாததில்லை. நிலத்தைத் தரிசாகப் போட்டால் பயிர் ஆவியாக்கும் பங்குதான் பெரும்பகுதி மிஞ்சும். வயலுக்கு வரும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வடிகாலுக்குப் போவதால் கடலின் இழப்பும் அந்த அளவோடு நிற்கும். பம்ப் வைத்து மிச்சம் பிடித்தால் ஒன்றுக்கு ஒன்று. கடலை நினைத்துப் பார்த்தால் தரிசு நல்லது, பம்ப் கெட்டது. ஊரை நினைத்துப் பார்த்தால் நேர்மாறு. தரிசுக்கான பணம் நிலச் சொந்தக்காரருக்குப் போகும்; வைக்கோல் கட்டுபவர், டிராக்டர் ஓட்டுபவர், விதைக் கடைக்காரர் யாருக்கும் அதில் பங்கில்லை. அதனால்தான் 2003 ஒப்பந்தம் தரிசில் தொடங்கி, படிப்படியாக வயலிலேயே தண்ணீரை மிச்சம் பிடிக்கும் இந்தப் பம்ப் போன்ற முறைகளுக்கு மாறும்படி வகுக்கப்பட்டது. சான் டியாகோவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ஏக்கர்-அடி வரை போகும் தண்ணீரின் பின்னணி இதுதான். முதல் 15 ஆண்டுகள் கடலின் இழப்பை ஈடுகட்டத் தனியாகத் தண்ணீர் விட்டார்கள். 2017 முடிவோடு அது நின்றது. அதற்குப் பின் கரை வேகமாகப் பின்வாங்குகிறது. காய்ந்த படுகையிலிருந்து கிளம்பும் நுண்தூசி, ஏற்கெனவே ஆஸ்துமாவுக்குப் பேர்போன மாவட்டத்தின் மேல்தான் இறங்குகிறது.

நீர்க்கட்டி கேட்டது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டுதான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

இதற்கு மாற்றாகவும் ஒரு வாதம் உண்டு, அதை என் பக்கத்து நியாயமாகப் பலமுறை எடுத்து வைத்திருக்கிறேன். 1924லேயே மத்திய அரசு அந்தப் பள்ளத்தின் நிலங்களை வடிகால் நீர் தேங்குவதற்கென்று ஒதுக்கிவிட்டது. 1984இல் மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியம் தன் 1600ஆம் எண் தீர்ப்பில், இங்கே தண்ணீர் வீணாக்கப்படுகிறது என்றே சொன்னது. அந்த வழக்கின் தொடக்கம் என்ன தெரியுமா? கடல் மட்டம் ஏறிக் கரையோர நிலம் மூழ்குகிறது என்று ஒரு விவசாயி கொடுத்த புகார். அன்று கடல் ஏறியது குற்றம், இன்று இறங்குவது குற்றம். இரண்டு முறையும் குற்றவாளி வயலின் கடைமடையில் வழிந்த அதே தண்ணீர். இதற்கு மேல் ஒரு சரிபார்ப்பாளர் என்னதான் செய்ய முடியும்?

இந்த வாதம் பகலில் நன்றாகவே நிற்கிறது. இது யாருக்குப் பதில் என்று யோசித்தால்தான் தள்ளாடுகிறது. ஏனென்றால் அவர் ‘தப்பு’ என்று சொல்லவில்லை. எழுத இடம் இல்லையா என்றுதான் கேட்டார்.

அவர் கடலைப் பற்றித்தான் கேட்டாரா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். நீர்க்கட்டியின் நாள் வேறு விதமானது. முந்தின நாளே பதிவான தேவைகளைக் கிளை வாய்க்காலில் வரிசைப்படுத்தி, மேலிருந்து வரும் அளவும் கீழே கேட்ட அளவும் பொருந்தும்படி ஷட்டர்களை நகர்த்த வேண்டும். ஆற்றில் பல நாள் பயணத் தொலைவிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரை, மழை பெய்துவிட்டது என்று திருப்பி அனுப்ப முடியாது. வேண்டாமென்று விடப்பட்ட தண்ணீரைப் பிடிப்பதற்கென்றே 2010இல், ஆற்றிலிருந்து பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆல் அமெரிக்கன் கால்வாயை ஒட்டி 8,000 ஏக்கர்-அடி கொள்ளும் பிராக் நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். ஆனால் கிளை வாய்க்காலின் கடைசியில் மிஞ்சுவது இன்னும் வடிகாலுக்குத்தான் போகிறது. வயலில் பம்ப் திடீரென்று நின்றால், எட்டரை கேட்ட விவசாயி இன்னும் ஒன்றரை வேண்டும் என்பார். ஓடினால், பக்கத்து மதகில் மட்டம் ஏறும். என் படிவத்தில் மிச்சம் என்று ஏறுகிற அளவில் ஒரு பங்கு, அவருடைய வாய்க்காலின் கடைசிப் பலகையைத் தாண்டி அதே வடிகாலில் விழுந்துகொண்டிருக்கலாம். அவர் அதைக் கேட்டிருந்தால், நான் மாநில அரசைப் பற்றிப் பேசியது சுத்த அசட்டுத்தனம்.

அல்லது உப்பைச் சொன்னாரோ என்னவோ. இந்த ஆற்று நீரில் ஏக்கர்-அடிக்கு ஏறக்குறைய ஒரு டன் உப்பு வருகிறது. ஆறடி பாய்ச்சுகிற 80 ஏக்கரில் ஆண்டுக்கு 480 டன். அது வேருக்குக் கீழே இறங்கி நிலத்தடி வடிகால் குழாய் வழியாக வெளியேறியாக வேண்டும். இங்கே மண் கனத்த களி. வெடிப்பு வழியே முதலில் குடிக்கும், வெடிப்பு மூடியதும் மேலே நிற்கும். அப்புறம் எவ்வளவு விட்டாலும் வழியத்தான் செய்யும். பம்புக்கு மின்சாரம் செலவு என்று பலர் தண்ணீரை முன்னதாகவே அடைத்துவிடுகிறார்கள். அதுவும் படிவத்தில் மிச்சம்தான். கடைமடையில் தண்ணீர் தொட்டும் தொடாமலும் நின்றுபோகும். ஓரிரு ஆண்டுகளில் அந்தப் பக்கம் பயிர் சொட்டையாகும், மண் வெளுக்கும். அதைக் கழுவ மறுபடி வெள்ளம் போலப் பாய்ச்ச வேண்டும். அப்போது பழைய மிச்சத்தை யாரும் திருப்பி எழுதுவதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். மிச்சத்தை அளப்பது அந்த வயலின் முந்தைய ஆண்டுகளின் பாய்ச்சலோடு ஒப்பிட்டு. முன்பு தாராளமாக வழியவிட்டவருக்குக் குறைக்க நிறைய இடம் உண்டு, மிச்சத்துக்குக் கிடைக்கும் பணமும் நிறைய. கவனமாகப் பாய்ச்சி வந்தவர் குறைக்க ஒன்றுமில்லாமல் நிற்பார். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு. ஒப்பீட்டு அடித்தளம் இல்லாமல் மிச்சத்தை அளக்க வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.

படிவத்தில் ஒரு வரி கூட்டலாமே என்று சக பொறியாளர் ஒருவரிடம் பேசிப் பார்த்தேன். வழிவு எந்த வடிகாலில் விழுந்துகொண்டிருந்தது, ஆண்டுக்கு எவ்வளவு குறைந்தது என்று. அவர் சொன்னதில் பொருள் இருந்தது: எழுதினால் அது சான்று ஆகிவிடும், சான்று ஆனால் யாராவது நஷ்டஈடு கேட்பார்கள், அப்புறம் எந்த விவசாயியும் பம்ப் வைக்க முன்வரமாட்டார்; மீட் ஏரி இறங்கினால் அதன் விலை எல்லார் தலையிலும் விழும். ஆல் அமெரிக்கன் கால்வாயில் 23 மைலுக்குக் கான்கிரீட் தளம் போட்டு ஆண்டுக்கு 67,700 ஏக்கர்-அடி கசிவை நிறுத்தினார்களே, அந்தக் கசிவை நம்பித்தான் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் மெஹிகாலியில் கிணறுகள் ஊறின. வழக்கு நடந்தது, நிற்கவில்லை, தளமும் போட்டாகிவிட்டது. எழுதி என்ன ஆயிற்று என்றார்.

அவரோடு முழுக்க உடன்படவும் இல்லை, வரியைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை.

2024இலிருந்து வேறொரு முறையும் நடைமுறையில் இருக்கிறது. கடும் கோடையில் ஒன்றரை மாதம், இரண்டு மாதம் குதிரைமசாலுக்கும் அருகம்புல்லுக்கும் தண்ணீரையே நிறுத்துவது. பயிர் உறங்கும், பாய்ச்சினால் மறுபடி துளிர்க்கும். களிமண்ணில் சில வயல்கள் முழுசாகத் துளிர்ப்பதில்லை. இலை ஆவியாக்கும் பங்கும் இதில் மிஞ்சுவதால், ஏக்கர்-அடிக்கு ஏக்கர்-அடி பார்த்தால் பம்பைவிடக் கடலுக்கு இழப்பு குறைவு. வேலையும் முழுக்கப் போவதில்லை, ஓரிரு அறுப்பு மட்டும் குறையும். எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. ஆனால் நிறுத்தம் முடிந்து முதல் பாய்ச்சலில் வெடித்த களி எவ்வளவு குடித்தது, வடிகாலில் எவ்வளவு குறைந்தது என்பதை இதிலும் யாரும் கேட்பதில்லை, அளப்பது தலைமதகில்தான்.