நுழைந்தது ஒருவரா, பலரா?

சர்வருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று உறுதியானதும் நாங்கள் முதலில் எழுதுவது நேரவரிசை. எந்த நேரத்தில், எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்தக் கணக்கில் நுழைவு நடந்தது, எதைத் தொட்டார்கள், எதை வைத்துவிட்டுப் போனார்கள் என்று பதிவுக் கோப்புகளைப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும். அதைத் தமிழில் எழுதும்போது ஒரு தனித் தொல்லை உண்டு. வினையெச்சங்களுக்குப் பால் கிடையாது. 'நுழைந்து, துழாவி, கடவுச்சொல் கோப்பை எடுத்து' என்று எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம். வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் வினைமுற்று வழிமறிக்கும்: சென்றானா, சென்றாளா, சென்றாரா, சென்றதா?

பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் 'சென்றான்' என்று எழுதிவிடுகிறார்கள். பெண்கள் எழுதும் அறிக்கைகளிலும் அப்படித்தான். ஹேக்கர் என்றாலே இருட்டறையில் முகம் மறைத்து உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞனின் படம் எல்லார் மனத்திலும் பதிந்திருக்கிறது. ஆனால் 'அவன்' என்ற சொல் மூன்று செய்திகளை அறுதியிட்டுச் சொல்கிறது: வந்தது மனிதப் பிறவி, ஆண், ஒரே ஆள். மூன்றுக்குமே பதிவுக் கோப்பில் சான்று கிடையாது. இதில் ஆண் என்பதைவிட ஒரே ஆள் என்பதுதான் வேலையைக் கெடுக்கும் என்பது என் அனுபவம்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் எழுதிய அறிக்கையைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. நடந்தவற்றை அவர் துல்லியமாகவே திரட்டியிருந்தார். பல முகவரிகளிலிருந்து இடைவிடாமல் கடவுச்சொல் ஊகங்கள், அவற்றில் ஒன்று பலித்தது. உடனே ஒரு குறுகிய நுழைவு: இயங்குதளத்தின் பதிப்பு, நினைவகத்தின் அளவு, இணைய வேகம், நிர்வாகி உரிமை உண்டா என்று பார்த்துவிட்டு வெளியேற்றம். பிறகு சில வாரங்கள் எதுவும் இல்லை. அடுத்து வேறொரு முகவரியிலிருந்து, முதல் முயற்சியிலேயே சரியான கடவுச்சொல்லுடன் ஒரு நுழைவு. கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒன்று வைக்கப்பட்டது. இன்னும் சில நாள் கழித்து அந்த நிரல் நீக்கப்பட்டு, கடவுச்சொல்லால் நுழையும் வழியே அடைக்கப்பட்டு, கடவுச்சொல் இல்லாமலே நுழைய உதவும் புதிய சாவிக் கோப்பு ஒன்று போடப்பட்டிருந்தது.

இதற்கு அவர் எழுதிய விளக்கம்: 'தாக்கியவன் பல வாரங்கள் பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு நிரலை நிறுவினான். மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சி அவனே அதை அகற்றித் தடயத்தை மறைத்தான்.'

படிக்க நன்றாகத்தான் இருந்தது. பொறுமைசாலி, பேராசைக்காரன், கோழை ஆகிய மூவரும் ஓர் உடலில். எல்லா வினைகளையும் ஒரே எழுவாயில் கட்டியதால், அவற்றுக்குப் பொருந்தும் குணங்களை இவர் கற்பனை செய்யவேண்டியதாயிற்று. எழுவாயைப் பிரித்துவிட்டால் எந்தக் குணமும் தேவைப்படவில்லை. ஊகங்களை அனுப்பியது ஏதோ தானியங்கி நிரல். உள்ளே வந்து அளவெடுத்தவர், பிறர் சர்வருக்குள் நுழையும் வழியை விற்கும் விற்பனையாளர். அந்த அமைதியான வாரங்களில் சர்வர் விலைப்பட்டியலில் கிடந்திருக்க வேண்டும். நாணயம் தோண்டியவர் வாங்கியவர். அதை நீக்கிக் கதவை அடைத்தவர் இன்னொருவர். போட்டியாளரின் நிரலைக் கொன்று, தாம் வந்த ஓட்டையைத் தாமே அடைப்பது இந்தத் தொழிலில் வாடிக்கை. அவ்வளவு அக்கறையாக ஓட்டையை அடைக்கும் நிர்வாகிகள் கிடைப்பது அரிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இது ஊகமாகத் தோன்றினால், ஊடுருவப்பட்ட சர்வர்களை இணையத்தில் விற்ற எக்ஸ்டெடிக் என்ற கள்ளச் சந்தையைப் பார்க்கலாம். 2016-இல் காஸ்பர்ஸ்கை என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, 173 நாடுகளைச் சேர்ந்த 70,624 சர்வர்கள் அங்கே விலைக்கு இருந்தன. விற்றவர்கள் 416 பேர். தொடக்க விலை 6 டாலர். ஒவ்வொரு சர்வருக்கும் இயங்குதளம், இணைய வேகம், நிர்வாகி உரிமை, அதிலிருந்து எந்தெந்தச் சேவைகளுக்குள் போக முடியும் என்ற விவரங்கள் தரப்பட்டிருந்தன. முதல் நுழைவில் அளவெடுத்துச் செல்வது இந்தப் பட்டியலுக்காகத்தான். 2019 ஜனவரியில் அமெரிக்கா, பெல்ஜியம், உக்ரைன் நாட்டு அதிகாரிகள் சேர்ந்து அந்தச் சந்தையை மூடினார்கள். இவ்வழக்கின் தொடர்ச்சியாக, பல நாடுகளைச் சேர்ந்த 19 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டிருப்பதாக அமெரிக்க நீதித்துறை 2024-இல் அறிவித்தது. நடத்தியவர்கள், விற்றவர்கள், வாங்கியவர்கள் என்று தனித்தனிப் பாத்திரங்கள். சந்தை போய்விட்டாலும் தொழில் போகவில்லை. நுழைவை மட்டும் விற்று, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல்களிடம் கைமாற்றும் தரகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஐயத்துக்குத் தொல்காப்பியத்தில் விதியே இருக்கிறது. பால் இன்னதென்று துணிய முடியாதபோது பன்மையால் சொல்லவேண்டும் என்கிறது சொல்லதிகாரம். உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, கறவை மாட்டை ஓட்டிச் சென்ற கள்வர் ஒருவனோ பலரோ என்பது. பொருள் போயிருக்கிறது, ஆளைக் காணவில்லை. எங்கள் அறிக்கையின் முதல் வரியும் அதுதான். அங்கே இன்னோர் ஐயமும் உண்டு. தொலைவில் தெரிவது மரக்கட்டையா மனிதனா என்று தெரியாவிட்டால் 'உரு' என்று சொல்லலாம். கடவுச்சொல்லை ஊகித்தது நிரலா, விசைப்பலகை முன் அமர்ந்த ஆளா என்று விளங்காத இடங்களில் இந்த விதி எனக்கு மிகவும் உதவியாக இருக்கிறது.

நடைமுறையில் 'அவர்' என்று எழுதினால் மேலாளருக்குப் பிடிப்பதில்லை. "திருட வந்தவனுக்கு மரியாதை எதற்குங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பால் காட்டாத ஒருமை வேண்டுமென்றால் தமிழில் மரியாதையும் சேர்ந்தே வரும். செய்தித்தாள்கள் இதற்காகவே 'மர்ம நபர்' என்ற சொல்லை வைத்திருக்கின்றன. வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கையில் மர்மம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'அவர்' என்பதற்கு ஆதரவாக நான் சொன்ன காரணம் வேறு. நுழைவு வந்த ஐபி முகவரிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதேபோல் விற்கப்பட்ட இன்னொரு சர்வர். அதன் உரிமையாளருக்கு எதுவும் தெரியாது. அந்த முகவரிக்காரரைப் பாதி இடங்களில் 'அவன்' என்று எழுதிவிட்டு, பிறகு அவருக்கே பணிவாகப் புகார்க் கடிதம் அனுப்புவது நன்றாக இருக்காது.

இப்போது 'முதல் ஆள்', 'இரண்டாம் ஆள்' என்று எண் கொடுத்து எழுதுகிறோம். பெரிய நிறுவனங்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்கின்றன. மாண்டியன்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் இன்னாரென்று தெரியாத செயல்பாடுகளுக்கு யுஎன்சி என்ற எழுத்துகளோடு ஓர் எண் தருகிறது. மைக்ரோசாஃப்ட் ஸ்டார்ம் என்ற பெயரோடு நான்கு இலக்க எண் தருகிறது. சான்று கிடைத்தபின் இரண்டு எண்களை ஒன்றாக இணைத்துக்கொள்ளலாம். முதலிலேயே ஒன்றாக எழுதிவிட்டதைப் பிறகு பிரிப்பது கடினம்; அதற்குள் படித்தவர்கள் எல்லாருக்கும் 'அவன்' அறிமுகமாகியிருப்பான்.

அந்த அறிக்கையைத் திருத்தி அனுப்பியபோது, இரண்டாம் ஆளும் மூன்றாம் ஆளும் ஒருவராகவே இருக்கவும் வாய்ப்புண்டு என்று சேர்த்திருந்தோம். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, "ஒருவரா இருவரா என்று நீங்களே முடிவு செய்யவில்லையே, இதை வைத்து நான் என்ன செய்வது?" என்று சலித்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது எந்தத் தேதியின் காப்புநகலை மீட்பது என்பது. நாணயம் தோண்டியவர் வந்ததற்கு முந்தைய நாளின் நகலை எடுத்து வைத்திருந்தார். அது போதாது, விற்றவர் அளவெடுக்க வந்ததற்கும் முந்தைய நகல் வேண்டும், சர்வரைப் புதிதாகவே நிறுவி அதில் இருந்த எல்லாக் கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் அவற்றை இன்னும் எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று தெரியாது என்றோம். அவ்வளவு பழைய நகல் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.