முப்பது கிரெடிட்டும் அதை எண்ணித் தந்தவர்களும்

2025 ஜூனில் மகள் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் கிறேட் 12ஐ முடித்தாள். அவளோடு மேடை ஏறிய பிள்ளைகளில் பலர் இடையில் வந்து சேர்ந்தவர்கள். யாழ்ப்பாணம், சென்னை, காபூல், மணிலா என்று எங்கெங்கோ தொடங்கிய படிப்பை இங்கே வந்து முடித்தார்கள். ஊரிலிருந்து புதிதாக வரும் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, அதற்குக் கிட்ட வீடு எடுக்கலாமா என்பதைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் உங்கள் பிள்ளையின் கோப்பைத் திறந்து பார்ப்பவர் யார்? அவரை நீங்கள் போய்ச் சந்தித்தீர்களா?

நாங்கள் வந்தது 2022 கோடையில். இலங்கையில் பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாக இருந்த நேரம். கணவர் முன்னமே வந்து, அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகு எங்களை அழைத்தார். மகளுக்கு 15 வயது, வவுனியாவில் ஒன்பதாம் ஆண்டை முடித்திருந்தாள். மகன் சின்னவன். அவனைப் பற்றிப் பெரிய கவலை இருக்கவில்லை, சின்னப் பிள்ளைகள் பாஷையை விளையாட்டிலேயே பிடித்துவிடுவார்கள். மகளுடைய வயதில் வருவதுதான் கடினம். சாதாரண தரப் (ஓ/எல்) பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த பிள்ளை, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க மூன்று வருடம்கூட இல்லாத இடத்தில் வந்து இறங்கினாள்.

முதலில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் ஒரு மதிப்பீடு வைத்தார்கள். கணக்கு நல்லாகச் செய்தாள். ஆங்கிலத்தில் ஈஎஸ்எல், அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் வகுப்பின் மூன்றாம் படியில் போட்டார்கள். ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து படிகள், அவள் சி. அன்றிரவு அவள் அழுதாள். ஊரில் ஆங்கிலத்தில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை.

எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி டிப்ளோமா எடுக்க 30 கிரெடிட் வேண்டும். ஒரு பாடத்தை 110 மணித்தியாலம் படித்துச் சித்தியடைந்தால் ஒரு கிரெடிட். மகள் படித்த காலத்தில் அதில் 18 கட்டாயப் பாடங்கள், மிச்சம் பிள்ளை தெரிவுசெய்வது. அதைவிட 40 மணித்தியாலம் சமூக சேவை, வாசிப்பு எழுத்துக்கு ஒரு மாகாணச் சோதனை, இணையவழியில் இரண்டு கிரெடிட். இணையவழி வேண்டாம் என்றால் பெற்றோர் படிவம் நிரப்பி விலகலாம். வெளிநாட்டில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் கொடுப்பது என்பதைப் பாடசாலை அதிபர் தீர்மானிக்கிறார். மகளுக்கு எட்டுக் கொடுத்தார்கள். ஆக, மூன்று வருடத்தில் 22 எடுக்கவேண்டும். ஒரு செமஸ்ரருக்கு நான்கு பாடம், வருடத்துக்கு எட்டு, மூன்று வருடத்தில் 24 இடம். மிச்சம் இரண்டே இரண்டு. ஒரு பாடத்தில் சித்தியடையாவிட்டால், ஒரு பாடத்தைத் தவறுதலாகத் தெரிவுசெய்தால், அந்த இரண்டும் போய்விடும்.

இந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டியவர் கைடன்ஸ் ரீச்சர், பாடத் தெரிவுக்கு வழிகாட்டும் ஆசிரியர். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் கட்டாயம், அந்தப் பக்கம் விருப்பம் என்று எழுதினார். ஈஎஸ்எல் பாடங்களில் மூன்று வரை கட்டாய ஆங்கிலத்துக்குப் பதிலாக எண்ணப்படும், ஆனால் நான்காவது ஆங்கிலக் கிரெடிட் கிறேட் 12 ஆங்கிலமாகத்தான் இருக்கவேண்டும் என்றார். பிள்ளை தாதியாக வர விரும்புகிறாள் என்று சொன்னோம். அப்படியென்றால் கணக்கு வேண்டும், உயிரியல், இரசாயனம், பல்கலைக்கழக மட்ட ஆங்கிலம் மூன்றும் கிறேட் 12இல் வேண்டும், அவற்றுக்குக் கீழ்ப்படிப் பாடங்கள் கிறேட் 11இல் வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னுக்கு எழுதிக்கொண்டு வந்தார். கிறேட் 10இலேயே ஈஎஸ்எல் சி, டி இரண்டையும் முடிக்கவேண்டும், கிறேட் 11இல் ஒரு செமஸ்ரரில் ஈ, அடுத்ததில் கிறேட் 11 ஆங்கிலம். ஓர் இடத்தில் சறுக்கினாலும் பல்கலைக்கழகம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அந்தத் தாள் மூன்று வருடமும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. பாடம் முடிய முடிய மகள் வெட்டிக்கொண்டு வந்தாள்.

ஊரில் இப்படி ஒரு வேலை இருப்பதாக எனக்குத் தெரியாது. எங்களுக்கு வகுப்பாசிரியர், அதிபர், மீதிக்கு ரியூசன் மாஸ்ரர். பாதையை யாரும் வரைந்து தரவேண்டியதில்லை, ஏனென்றால் பாதை ஒன்றுதான். உயர்தரத்தில் கணிதமா, உயிரியலா, கலையா, வர்த்தகமா என்று ஒருமுறை தெரிவுசெய்தால் பிறகு பரீட்சையும், பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசற் (Z) புள்ளியும் மாவட்டமும் தீர்மானிக்கும். இங்கே ஒவ்வொரு மாசி மாதமும் பிள்ளை அடுத்த வருடத்துப் பாடங்களைத் தானே தெரிவுசெய்கிறது. அந்தச் சுதந்திரம் நல்லது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த பெற்றோருக்கு அது இரத்தத்தில் ஊறியிருக்கும். தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் எனக்கும் கணவருக்கும் அது எங்கிருந்து வரும்?

ஈஎஸ்எல் ரீச்சரைப் பற்றி எழுதாமல் விட முடியாது. மகள் முதல் செமஸ்ரர் முழுக்க மத்தியானச் சாப்பாட்டை அவருடைய வகுப்பறையில்தான் சாப்பிட்டாள். கஃபிற்றீரியாவில் யாரோடு இருப்பது என்று தெரியாத பிள்ளைகளுக்கு அந்த அறைக் கதவு திறந்தே இருந்தது. அவர் ஒன்றும் விசேஷமாகச் செய்யவில்லை, தன் மேசையில் இருந்து புள்ளி போட்டுக்கொண்டிருப்பார், பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் தெரிந்த ஆங்கிலத்தில் கதைப்பார்கள். அந்த அறையில்தான் மகளுக்கு ஓர் எரித்திரியப் பிள்ளை சிநேகிதியானாள். இன்றைக்கும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் திரிகிறார்கள். வகுப்பில் அவர் கேட்பது எழுத்து. ஒவ்வொரு கிழமையும் ஒரு பந்தி, திருத்தித் திருப்பிக் கொடுப்பார், மறுபடியும் எழுதச் சொல்வார், மறுபடியும். சிவப்புப் பேனையால் எழுதிய குறிப்பு சிலவேளை பிள்ளை எழுதியதைவிட நீளமாக இருக்கும். கிறேட் 12 ஆங்கிலத்தில் மகள் எடுத்த புள்ளிக்கு அத்திவாரம் அந்தப் பந்திகள்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

புதிதாக வந்தவர்களுக்காகப் பாடசாலைகளில் குடியேற்றப் பணியாளர்களும் இருக்கிறார்கள். மத்திய அரசின் பணத்தில் நடக்கும் சேவை. எங்கள் பாடசாலைக்குக் கிழமையில் குறிப்பிட்ட நாளில் தமிழ் கதைக்கும் ஒரு தங்கச்சி வருவா. சுகாதார அட்டை, பிள்ளைகள் உதவித்தொகை, நூலகத்தின் வீட்டுப்பாட உதவி எல்லாம் அவ மூலம்தான் தெரிந்தது. சமூக சேவை மணித்தியாலத்தை நூலகத்திலும் உணவு வங்கியிலும் செய்யலாம், கையெழுத்தை உடனுக்குடன் வாங்கிவிடவேண்டும் என்று சொன்னதும் அவதான். கிறேட் 12 கடைசி மாதத்தில் மணித்தியாலம் தேடி ஓடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், பாவம்.

பெற்றோருக்குப் பிடிபட நாளெடுக்கும் இன்னொரு விஷயம் புள்ளி. இங்கே ஒரு பாடத்தின் இறுதிப் புள்ளியில் 70 வீதம் செமஸ்ரர் முழுக்கச் செய்யும் வேலைக்கு, 30 வீதம்தான் கடைசிப் பரீட்சைக்கும் இறுதி ஒப்படைக்கும். கடைசி மாதம் கண்விழித்துப் படித்து எல்லாவற்றையும் மீட்கலாம் என்ற எங்கள் பழக்கம் இங்கே எடுபடாது. இரசாயன ரீச்சர் பெற்றோர் சந்திப்பில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் சோதனையில் நல்லாகச் செய்கிறாள், ஆய்வுகூட அறிக்கையை நேரத்துக்குத் தருவதில்லை என்றார். தங்கச்சி மொழிபெயர்த்தா. வீட்டுக்கு வந்து மகளோடு சத்தம் போடாமல் இருந்து கதைத்தோம். அவளுக்கு அறிக்கை எழுதும் முறையே விளங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த நாள் ரீச்சரிடம் போய்க் கேட்டாள், அவர் பாடசாலை விட்ட பிறகு இருத்தி ஒரு மாதிரி அறிக்கையை வரி வரியாகக் காட்டிக்கொடுத்தார். கேட்டால் செய்வார்கள். கேட்காத பிள்ளை ஒரு மூலையில் அமைதியாகப் பின்தங்கிப் போகும், நல்ல பிள்ளை என்ற பெயரோடேயே. எங்கள் பிள்ளைகளை நாங்கள் கேள்வி கேட்காமல் வளர்க்கிறோம், அதனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது.

கிறேட் 12 தொடங்கிய கையோடு கைடன்ஸ் ரீச்சர் மகளைக் கூப்பிட்டார். ஆங்கில மொழிமூலம் படித்தது நான்கு வருடத்துக்குக் குறைவு என்றால் சில பல்கலைக்கழகங்கள் ஐஇஎல்ரிஎஸ் போன்ற மொழிச் சோதனை கேட்கும், ஒவ்வொன்றின் விதியையும் இப்போதே பார் என்றார். தை மாத நடுவில் விண்ணப்பம் முடியும், அதற்குப் பிறகு இது தெரியவந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. விண்ணப்பத்தை அவள் பாடசாலைக் கணினியில் அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் போட்டாள். ஒசாப் என்ற மாகாண மாணவர் நிதியுதவியின் கடனுக்கும் மானியத்துக்கும் எங்கள் வருமானக் கடதாசிகளை எப்படிக் கொடுப்பது என்று ஒரு மாலை பெற்றோரைக் கூப்பிட்டு விளக்கினார்கள். எங்கள் குடும்பம் போன்றவர்களுக்கு அதில் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத மானியமும் உண்டு. கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டே பயந்து பிள்ளையை வேலைக்கு அனுப்பும் குடும்பங்கள் எங்கள் சனத்துக்குள் இப்போதும் இருக்கின்றன. முதலில் ஒசாப்பைப் பாருங்கள்.

சரி, பட்டமளிப்பு. ஜூன் கடைசியில் நடந்தது. ஒரு குடும்பத்துக்கு இத்தனை ரிக்கற் என்று கட்டுப்பாடு. இந்த நிலத்தின் ஆதிக்குடிகளை நினைவுகூர்ந்து தொடங்கினார்கள், கனடா தேசியகீதம் பாடினார்கள். பெயர் வாசித்தவர் ஒரு வரலாற்று ஆசிரியர். அதற்கு முந்திய கிழமை ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, தன் பாணியில் குறித்து வைத்திருந்தாராம். எங்கள் பிள்ளைகளின் பெயர் நீளம், அப்பாவின் பெயரும் சேர்ந்தால் இன்னும் நீளம். அவர் ஒரு பெயரையும் விழுங்கவில்லை. ‘ழ’ மட்டும் வரவில்லை, அது பரவாயில்லை. என் கணவர் இங்கே வந்த காலத்திலிருந்து வேலைத்தலத்தில் முதல் மூன்று எழுத்தால் கூப்பிடப்படுகிறவர். மகளின் பெயரோடு தன் பெயரும் முழுதாக மண்டபத்தில் கேட்டபோது அவர் எழுந்து நின்றுவிட்டார்.

கிறேட் 12இல் எடுத்த ஆறு கிரெடிட்டில் சராசரி 80 வந்தால் ஒன்ராறியோ ஸ்கொலர் என்று ஒரு சான்றிதழ் தருகிறார்கள். மகளுக்கும் அந்த எரித்திரியப் பிள்ளைக்கும் கிடைத்தது. ஈஎஸ்எல் ரீச்சர் அவர்கள் இருவரையும் பிடித்துவைத்துப் படம் எடுத்தார். பாடசாலையின் துப்புரவுப் பணியாளர் ஒருவர், எங்கள் ஊர்ப்பக்கம்தான், அன்றைக்கு வேலை உடுப்போடு பின்னால் நின்றார். குளிர்காலத்தில் பிள்ளைகள் நேரத்தோடு வந்தால் உள்வாசலில் நிற்க விடுவது அவர்தான். மகள் தொப்பியோடு ஓடிப்போய் அவரோடும் ஒரு படம் எடுத்தாள்.

இந்த செப்ரெம்பரில் மகன் கிறேட் 9க்குப் போகிறான், அதே பாடசாலை. 2024 செப்ரெம்பரிலிருந்து கிறேட் 9 தொடங்கும் பிள்ளைகளுக்கு ஒரு தொழில்நுட்பப் பாடமும் கட்டாயம், அதை 9இலோ 10இலோ எடுக்கவேண்டும். அவனுக்கு மோட்டர் வேலையில் விருப்பம், பயிலுநர் பயிற்சிப் பக்கம் போகலாமா என்று கேட்கிறான். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. கைடன்ஸ் ரீச்சரிடம் செப்ரெம்பர் இரண்டாம் கிழமைக்கு நேரம் கேட்டிருக்கிறேன், இந்தமுறை மகளே கூட வந்து மொழிபெயர்க்கிறாளாம்.