கை மட்டும் மறக்கவில்லை

உளவியல் அறிமுகப் பாடத்தில் முதல் அத்தியாயமே சண்டைதான். 1879-ல ஜெர்மனியின் லைப்சிக்ல உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கின வில்ஹெல்ம் வுண்ட், ஆட்கள் தங்கள் அனுபவத்தைத் தாங்களே கவனிச்சுச் சொல்லணும்னார். 1913-ல அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் அதெல்லாம் அறிவியலே இல்ல, வெளியே தெரியிற நடத்தையை மட்டும் பாருங்கன்னு ஒரே போடா போட்டார்.

எனக்குப் பிடிச்சது மூளை அத்தியாயத்துல வர்ற ஹென்றி மொலேசன். வலிப்புக்காக 1953-ல நடந்த அறுவை சிகிச்சையில, மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் இருக்கிற ஹிப்போகேம்பஸ்ங்கிற உறுப்புல ஒரு பெரிய பகுதியை எடுத்துட்டாங்க. வலிப்பு குறைஞ்சுது. ஆனா அதுக்கப்புறம் நடந்தது எதுவும் மனசுல தங்கல.

அவரை ஆராய்ஞ்ச உளவியலாளர் பிரெண்டா மில்னர், தாள்ல இரட்டைக் கோட்டுல வரைஞ்ச நட்சத்திரம் ஒண்ணு அவருக்குக் கொடுத்தார். கையையும் தாளையும் நேரா பார்க்கக்கூடாது. கண்ணாடியில பார்த்தே கோடுகளுக்கு நடுவுல பென்சில் ஓட்டணும். முதல்ல தாறுமாறாப் போச்சு. நாளாக ஆகத் தப்பு குறைஞ்சுட்டே வந்துது. ஆனா இதை முன்னாடி செஞ்ச ஞாபகமே அவருக்கு இல்ல!

நடந்ததை நினைவுல வைக்க ஹிப்போகேம்பஸ் வேணும். கைப்பழக்கத்துக்கு அது தேவையில்ல, சிறுமூளை மாதிரி வேற பகுதிகள் பார்த்துக்கும். நடத்தையை மட்டும் பார்க்கச் சொன்ன வாட்சன் இதுக்கு என்ன சொல்லியிருப்பார்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்.