ஆடி அமாவாசையில் கீரிமலை

அப்பாவுக்குரிய ஆடி அமாவாசைத் தர்ப்பணத்தை மூத்த பிள்ளையாகிய நான் யாழ்ப்பாணத்தின் வடகடலோரத்துக் கீரிமலைக் கரையிலேயே கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் நேர்த்தி. 1990இல் போரினால், கீரிமலையும் அடங்கிய வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்து, திரும்ப வழியில்லாதிருந்த காலத்திலேயே அப்பா இறைவனடி சேர்ந்ததால், அந்த நேர்த்தி இந்த ஆடியில்தான் கைகூடியது.

விரதச் சமையலுக்கு வேண்டிய காத்தோட்டிங்காயையும் வாழைக்காயையும் முதல்நாளே சுன்னாகம் சந்தையில் வாங்கிக்கொண்டு, கதிரமலைச் சிவனை வணங்கினோம். அருகிலுள்ள கந்தரோடையின் பழைய பௌத்தத் தாதுகோபங்களையும் பார்த்து வரலாம் என்று தம்பி கேட்டான்; அம்மாவின் மனமோ கீரிமலையை விட்டு அசையவில்லை. விடியுமுன் மாவிட்டபுரம் சென்றபோது, குதிரைமுகம் கொண்டு வருந்தியதாகக் கூறப்படும் சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குறை தீர்த்த கந்தன் தன் குறையையும் தீர்ப்பான் என்று அம்மா கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்.

கீரிமலை வீதியில் சனநெருக்கம் தாங்க முடியவில்லை. வயதானவர்களைக்கூட வெகு தொலைவிலேயே இறக்கிவிட்டு இரட்டிப்புக் கூலி கேட்ட முச்சக்கரவண்டிக்காரர்களும், தர்ப்பணத்திற்கு ஆள் பிடிக்கக் கையைப் பற்றி இழுத்தவர்களும் புனிதமான அந்த நாளின் அமைதியைக் கெடுத்தது மிகுந்த வேதனையளித்தது.

எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பிண்டத்தைக் கடலில் விட்டபின் கேணியில் இறங்கினேன். சுவருக்கு அப்பால் உப்புக்கடல் அலையடிக்க, இப்பால் நன்னீர் ஊறிக்கொண்டிருக்கும் அந்த அற்புதத்தில் தலை அமிழ்ந்ததும், அப்பா என் தோளைத் தொட்டதாகவே உணர்ந்தேன். கரையேறிய வேளையில் மாவிட்டபுரத்துக் கந்தன் தீர்த்தமாட எழுந்தருளினான். கூட்டத்தின் பின்னே நின்று எதுவும் காணாமல் தவித்த அம்மாவை, முன்பின் அறியாத பெண்கள் இருவர் "அம்மா, நீங்கள் முன்னுக்கு வாங்கோ" என்று கைத்தாங்கலாக அழைத்துச் சென்று கரையோரம் நிறுத்தினார்கள். அரோகரா ஒலிக்கிடையே சுவாமியை நேருக்கு நேர் கண்ட அம்மா, கேட்பதற்கென்று வைத்திருந்த எதையும் கேட்காமல், "வந்திட்டன் அப்பனே" என்று மட்டும் சொல்லிச் சொல்லி அழுதார். அவரை அழைத்துச் சென்றவர்களை முருகன் அனுப்பினான் என்றே நம்புகிறேன்.

பிறகு நகுலேஸ்வரப் பெருமானையும் நகுலாம்பிகையையும் தரிசித்தோம். போரில் சிதைந்தும் மீண்டெழுந்த அந்தச் சந்நிதியில் எங்கள் குடும்பத்துக்கென வேண்ட எதுவும் எஞ்சவில்லை. பெருமானே, பிதிர்க்கடன் செலுத்த வர முடியாமல் கடல் கடந்து வாடும் பிள்ளைகளுக்கும் உன் தீர்த்தக்கரையைக் காட்டித் தருவாயாக.