வாளே வாக்காளர் அட்டை

சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் ஏப்ரல் கடைசி ஞாயிறன்று ஊரே சதுக்கத்தில் கூடிச் சட்டங்களுக்கு வாக்களிக்கும் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. வாக்குப்பெட்டி இல்லை. கையைத் தூக்குகிறார்கள், மேடையில் இருப்பவர் கண்ணளவில் பார்த்துப் பெரும்பான்மையைச் சொல்கிறார். இடையில் வாள் தொங்கினால் அதுவே வாக்காளர் அட்டை. அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் வாள். நேரடி ஜனநாயகம் என்றால் இதுதானே என்று நினைத்தேன்.

அப்புறம்தான் மீதிக் கதை தெரிந்தது. அந்தச் சதுக்கத்தில் கை தூக்கியதெல்லாம் ஆண்கள் மட்டும்! 1971இல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அந்நாட்டுப் பெண்களுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் சொந்த மாநிலத்து விவகாரத்தில் அப்பென்செல் இன்னர்ரோடன் பெண்களுக்கு அப்போதும் கிடையாது. பெண்களைச் சேர்க்கலாமா என்று கேட்டால் தீர்ப்புச் சொல்பவர்களும் அதே ஆண்கள்தானே? 1990 ஏப்ரலில்கூட வேண்டாம் என்றுதான் கை தூக்கினார்கள். 1990! நம்புங்கள், பெர்லின் சுவர் விழுந்த பிறகு.

சில பெண்கள் வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1991 ஏப்ரலில் பெண்கள் சதுக்கத்துக்குள் வந்தார்கள். கையில் வாள் இல்லை, சாதாரண அட்டைதான்.