துண்டுக்குள் நடக்கும் பேரம்

எங்கள் இறுதியாண்டுக் குறும்படத்தில் ஒரு பேரக் காட்சி வருகிறது. வயதான ஆத்தா ஒருவர் தன் பசுவைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டி வந்து விற்கிறார். முழங்கால் வலியோடு இனிமேல் புல் அறுத்துப் போட முடியாது. காரணம் அவ்வளவுதான். இதற்கு நான் நாலு பக்கம் வசனம் எழுதியிருந்தேன். வாங்க வந்தவர் ஒரு விலை சொல்வார், ஆத்தாவின் தம்பி முடியாது என்பார், அவர் கொஞ்சம் ஏறுவார், இவர் கொஞ்சம் இறங்குவார். காட்சியை ஷாட்களாகப் பிரித்ததும் அதற்கேற்ற மாதிரி: முழுக் காட்சியையும் ஒரே வீச்சில் காட்டும் ஒரு மாஸ்டர், ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட்கள் இரண்டு பக்கமும், அப்புறம் மாற்றி மாற்றி க்ளோசப். மொத்தம் 22 ஷாட்.

படம்பிடிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மாமாவைக் கூட்டிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனேன். அங்கே செவ்வாயும் வியாழனும் சந்தை. கேரள வியாபாரிகள் விடிவதற்கு முன்பே வந்து நிற்கிறார்கள். நான் முதலில் கவனித்த பேரத்தில் யாரும் விலையே கேட்கவில்லை. தரகர் நேராக மாட்டிடம் போனார். தாடையைப் பிடித்துக் கீழுதட்டை விரலால் இழுத்து, பல்லைப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மாட்டுக்கு முன்வாயில் மேல்பல் கிடையாது, கீழே எட்டுதான். இரண்டு வயதையொட்டி முதல் ஜோடிப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும். ஐந்து வயதுக்குள் எட்டும் சேர்ந்துவிடும். ஆக, விற்பவர் வயதைக் குறைத்துச் சொல்ல வழியில்லை. பேரத்தின் முதல் அடியை அந்த விரல் வைத்துவிட்டது. என் நாலு பக்கத்தில் அப்படி ஒரு இடம்கூட இல்லை.

அதற்கப்புறம் துண்டு வந்தது. தரகரும் விற்பவரும் கை கொடுப்பது போல வலது கையை நீட்டினார்கள், தரகர் தன் தோளில் கிடந்த துண்டை அதன் மேல் போட்டார். உள்ளே விரல்தான் பேசுகிறது. ஒரு விரலைப் பிடித்தால் அது நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்று பிடிப்பவருக்கும் கொடுப்பவருக்கும் தெரியும். மாட்டைப் பார்த்தவர்களுக்கு அதில் குழப்பம் வராது. சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. முதலில் எவ்வளவு கேட்டார், எவ்வளவு இறங்கினார் என்பதெல்லாம் அந்த இரண்டு பேரோடு போய்விடும். பக்கத்து மாட்டின் விலை அதைப் பார்த்து ஏறவோ இறங்கவோ போவதில்லை. விற்பவரின் கௌரவமும் அந்தத் துண்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.

பேரம் முடிந்ததும் தரகரிடம் கேட்டேன், "விரல் பிடிக்கறப்ப மொகத்துல ஏதாச்சும் தெரியுங்களா?"

"மொகத்துல தெரிஞ்சா அப்புறம் துண்டு எதுக்குங்க தம்பி?" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது நோட்டைத் திறந்து க்ளோசப்புகளை அடித்தேன். பாதி போய்விட்டது. முகத்தில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கிறது? பார்த்ததையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்தேன். விலை ஒத்துவராதபோது முழங்கை விலாவோடு ஒட்டுகிறது. மற்றவர் விரலை விடாமல் பிடித்திருப்பதால் துண்டு விறைப்பாகிறது. ஒருவர் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டு மூன்று எட்டு நடந்தார். தரகர் துண்டோடு பின்னாலேயே ஓடி, மறுபடியும் அவர் கையைப் பிடித்தார். முழங்கை, துண்டு, அந்த மூன்று எட்டு. காட்சிக்கு இது போதும் என்று பட்டது.

எங்கள் கேமராமேன், என் வகுப்புத் தோழன், துண்டுக்குள்ளேயே சின்ன கேமரா ஒன்றை வைத்துவிடலாம் என்றான். ஒரு ராத்திரி முழுக்க அந்த ஆசை எனக்கும் இருந்தது. மங்கிய வெளிச்சத்தில் விரல்கள், துணியின் இழை, எவ்வளவு அழகாக வரும்! ஆனால் அந்த ஷாட்டை வைத்தால் பார்வையாளருக்குத் தெரிவது ஆத்தாவுக்குத் தெரியாது. அவர் நாலடி தள்ளி, தும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாடு அவருடையது, அதை வளர்த்ததும் அவர்தான், விலை மட்டும் இன்னொருவர் விரலில் முடிகிறது. நாமும் அவரோடு வெளியே நிற்பதுதான் சரி.

அதனால் 180 டிகிரிக் கோட்டையே, அதாவது கேமரா ஒரே பக்கம் நிற்பதற்காகக் காட்சிக்குள் போட்டுக்கொள்ளும் கற்பனைக் கோட்டையே, மாற்றினேன். முன்பு அது ஆண்கள் இருவரையும் இணைத்துப் போயிற்று, ஆத்தா பின்னணியில் ஒரு உருவமாகத்தான் இருந்தார். இப்போது கோடு ஆத்தாவின் கண்ணிலிருந்து துண்டுக்குப் போகிறது. கேமரா அவர் தோளுக்குப் பக்கத்தில், அவர் உயரத்தில், 50 எம்எம் லென்ஸோடு நிற்கும். ஆட்கள் குறுக்கே வருவார்கள், வரட்டும். தம்பி ஒரே ஒருமுறை திரும்பி அக்காவைப் பார்ப்பார். காட்சியின் ஒரே க்ளோசப் அங்கேதான், ஆத்தாவின் முகம். பேரம் முடிந்ததும் வாங்கியவர் தான் கொண்டுவந்த கயிற்றைக் கட்டுவார், ஆத்தா தன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டுவார். அப்போது முதல்முறையாகக் கோட்டைத் தாண்டி, மாட்டின் பக்கம் போய் நின்று அவரைப் பார்க்கிறோம். 22 ஷாட் 7 ஆகிவிட்டது.

வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். மாடு நின்ற இடத்தில் நிற்காது, ஆகவே மாஸ்டரை முதலில் எடுத்துவிடுவோம். துண்டின் மடிப்பு ஷாட்டுக்கு ஷாட் மாறிவிடாமல் இருக்க, அதாவது கன்டினியுட்டிக்காக, டேக்குக்கு டேக் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். சவுண்டுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: துணி உரசுகிற சத்தம் கிடைக்க வேண்டும், அதற்காகச் சந்தையின் இரைச்சலைக் குறைக்கக் கூடாது.

போன வாரம் ஒத்திகை. நடிகர்கள் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, எதுவரை ஏறலாம், எதுவரை இறங்கலாம் என்று காதில் ஒரு தொகை சொன்னேன். ஒருவர் தொகை மற்றவருக்குத் தெரியாது. ஆத்தாவாக நடிக்கும் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. வசனம் கிடையாது, கட் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். நாலு நிமிஷம் அந்த அறையில் ஃபேன் சத்தம்தான். இரண்டு தடவை துண்டு விறைத்தது, ஒரு தடவை கை உருவப்பட்டது. முடிந்ததும் அந்த அம்மா தம்பியாக நடிப்பவரைப் பார்த்து, "எவ்வளவுக்குப்பா முடிஞ்சுது?" என்று கேட்டார். அது நான் எழுதிய வசனம் இல்லை. நிஜமாகவே கேட்டார். சுற்றி நாங்கள் நிற்பதைப் பார்த்த அவரும் வாய் திறக்கவில்லை. அந்த அம்மாவின் முந்தானை நுனியை எடுத்துக் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துக் காட்டினார். அந்த அம்மா ஒரு கணம் அசையாமல் இருந்துவிட்டு, மெதுவாகத் தலையை ஆட்டினார்.

எட்டாவது ஷாட்டாக அதை எழுதி வைத்திருக்கிறேன்.